ரத்னவேல் அங்கிளின் விரல்

அன்பு மகள் மர்யமுக்கு,

வாப்பா அப்துல் அலீம் சொல்லச் சொல்ல உன் தங்கை ஹம்னா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே உட்லண்ட்ஸில் உம்மாவும் நானும் நலம், வாப்பாவும் நலம், அவருடைய வலது மணிக்கட்டு மட்டும் நலமில்லை. கிளாஸ்கோவில் நீயும் உன் அறை ஹீட்டரும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். லாத்தா, ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கடிதத்தில் நான் என்று வந்தால் அது ஹம்னா, வாப்பா என்று வந்தால் அது வாப்பா. அவர் சொல்வதை ஓர் எழுத்து மாறாமல் எழுத வேண்டும் என்று உத்தரவு. எழுத்துகளை நான் மாற்றவே இல்லை, அதே தமிழ் எழுத்துகள்தான், வாக்கியங்கள்தான் கொஞ்சம் மாறியிருக்கும்.

கை விஷயம் உனக்குப் பாதி தெரியும், மீதியையும் கேள். உம்மா ரொம்ப நாளாகக் குப்பையில் போடச் சொன்ன அந்தத் தேய்ந்த செருப்பை மாட்டிக்கொண்டு தேக்கா மார்க்கெட்டுக்குப் போனார், வழுக்கினார், விழும்போதும் கையிலிருந்த மீன் பையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டே விழுந்தார். ஏற்கெனவே செத்த மீனைக் காப்பாற்றி என்ன ஆகப்போகுது என்று உம்மா கேட்டதற்கு, நல்ல மீனு ரபியா என்று பதில். மாவுக்கட்டு போட்டது அவர் கைக்கு, கட்டுப்பட்டுக் கிடப்பது நாங்கள். சட்டைப் பட்டன் நான், மூக்குக்கண்ணாடி துடைப்பது உம்மா, இப்போது கடிதமும் நான். மெசேஜ் அனுப்பலாம்லா என்றால், மகளுக்குத் தாளில் எழுதினால்தான் மதிப்பு, மெசேஜை விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுவாள் என்கிறார். விரல் என்று வந்துவிட்டது, விஷயத்துக்கு வருகிறேன்.

போன வாரம் நீ வேலையில் இருக்கும்போது வாப்பா போன் செய்து, சலாம்கூட ஒழுங்காகச் சொல்லாமல், வீட்டுக்குப் போனதும் அந்தப் பிரேமைக் கழற்று, உள்ளே இருக்கிற போட்டோவை மூலை விடாமல் முழுசாகப் படம் எடுத்து அனுப்பு என்று கத்தினாரே, நீயும் பதறிப்போய் யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாயே, அப்புறம் அனுப்பிவிட்டு, மூலையில யாரோட விரலோ மறைக்குது, வேற நல்ல போட்டோ இல்லையா வாப்பா என்று எழுதியிருந்தாயே, அதற்குப் பதில்தான் இந்தக் கடிதம். எங்களுக்கு வேண்டியிருந்ததே அந்த விரல்தான்.

ரத்னவேல் அங்கிள் தவறிய செய்தியை அப்போதே சொன்னோம். வாப்பாவோடு யுனிவர்சிட்டி ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவர், பிறகு எஞ்சினியர் வேலையை விட்டுவிட்டு கிராஞ்சியில் செடிப்பண்ணை வைத்தவர், நீ கிளம்பிய அன்று ஏர்போர்ட்டுக்கே தொட்டியோடு ஒரு கறிவேப்பிலைச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்து, கையிலேயே வச்சுக்கம்மா, அங்க கிடைக்காது என்று நின்றாரே, அவர். வாப்பாவின் யுனிவர்சிட்டித் தமிழ்க் கூட்டாளிகள், அந்தந்த வருடம் தவறியவர்களுக்காக லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் கூடி நினைவுக்கூட்டம் வைப்பார்கள் அல்லவா, அங்கே சட்டங்கள் உண்டு. தவறியவரின் போட்டோ யுனிவர்சிட்டிக் காலத்துப் போட்டோவாக இருக்க வேண்டும், தொப்பை வந்த பிறகு எடுத்தது செல்லாது. அடுத்தது, பேசுகிறவர் புகழக் கூடாது. அன்னார், பண்பாளர், ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று யாராவது ஆரம்பித்தால் தங்கராஜு அங்கிள் கரண்டியால் கிளாஸைத் தட்டுவார், டிங், மறுபடி முதலிலிருந்து. ஆள் எப்படி இருந்தாரோ அப்படியே சொல்ல வேண்டும். போன வருடம் ஜரீனா ஆண்ட்டியைப் பற்றிப் பேசியவர், லெக்சரில் தூங்குவதற்கென்றே அவர் கறுப்புக்கண்ணாடி வாங்கிய கதையைச் சொன்னார், ஆண்ட்டியின் பிள்ளைகளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள், அவர் ரிட்டயர் ஆகும்வரை பள்ளிக்கூடத்தில் தூங்குகிற பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்த டீச்சர் என்பதுதான் அதில் விசேஷம்.

இந்த வருடம் ரத்னவேல் அங்கிளைப் பற்றி வாப்பா பேச வேண்டும். அதற்குப் பத்து நாள் இருக்கும்போது அங்கிளின் மனைவி மங்களம் ஆண்ட்டி நம் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் ஆனபோது அங்கிளுக்கு முப்பது தாண்டிவிட்டதாம், அதற்கு முன்னால் எடுத்த படம் ஒன்றுகூட அவரிடம் இல்லையாம், அங்கிளின் பழைய வீட்டில் இருந்ததெல்லாம் கூரை ஒழுகி நாசமாகிவிட்டதாம். இருபது வயசுல அவர் எப்படி இருந்தார்னு ஒரே ஒரு தடவை பாக்கணும் அண்ணே, உங்ககிட்டதான் இருக்கும் என்றார். சொல்லிவிட்டு உம்மா கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தார். வாப்பா யோசிக்கவே இல்லை, இதென்ன பெரிய விஷயம், ஆல்பம் முழுக்க அவன் எடுத்த போட்டோதான், கூட்டத்தன்னிக்குப் பெரிய திரையில காட்டறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். எடுத்தவன் எப்படிப் படத்துக்குள் இருப்பான் என்று அந்த நிமிடம் தோன்றவில்லை. கணக்கில் பட்டம் வாங்கிய மூளை, கழித்தலை மறந்துவிட்டது.

ஆல்பம் தங்கராஜு அங்கிளிடம் இருந்தது, போட்டோக்களைப் பெரிய அட்டையில் ஒட்டிக் கூட்டத்தில் வைக்க வாங்கிப் போயிருந்தார். கூட்டத்துக்கு முந்தின நாள் மாவுக்கட்டோடு வாப்பா, துணைக்கு நான், இரண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் வேலை பார்த்த காலத்தில் கட்டடப் பிளான் வரைந்தவர், கோணலாக ஒன்றைப் பார்த்தால் தலைவலி வந்துவிடும், என் தலை வகிட்டைக்கூட ஒரு மாதிரி பார்த்தார். அட்டையில் எல்லாரும் இருந்தார்கள். பழுதான பஸ்ஸை மேட்டில் தள்ளும் கும்பல், கேண்டீனில் ஒரே பரோட்டாவுக்கு நாலு கை, தலைமுடியோடு வாப்பா (ஆமாம் லாத்தா, கண்ணால் கண்டேன்). ரத்னவேல் அங்கிள் மட்டும் எதிலும் இல்லை. கேமரா அவருடையது, அவர் அண்ணன் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த குட்டிக் கேமரா, வேறு யாராவது தொட்டால் நாலு நாள் பேசமாட்டாராம். அப்போதும் வாப்பா கலங்கவில்லை, பரவாயில்ல, விரல் இருக்குமே என்றார். என்ன விரல் என்று நான் கேட்டேன். அங்கிளுக்குக் கேமராவைப் பிடிக்கவே தெரியாதாம், எந்தப் படம் எடுத்தாலும் அவர் விரல் லென்ஸின் ஓரத்தை மறைத்துவிடும், படத்தின் இடது மூலையில் பழுப்பாக ஒரு மலை எழுந்து நிற்கும், எல்லாரும் அதை ரத்னவேல் மலை என்றுதான் சொல்வார்களாம். அவன் அதுலதான் இருக்கான், அதைக் காட்டினா மங்களத்துக்குப் புரியும் என்றபடி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். ஒரு படத்திலும் மலை இல்லை. எல்லாம் அளவெடுத்த மாதிரி சதுரம்.

தங்கராஜு அங்கிள் பூரிப்போடு சொன்னார், எல்லாத்துலயும் அந்தச் சனியன் விரல் மூலையைக் கெடுத்துக்கிட்டு இருந்துச்சுடா அலீம், ஸ்கேல் வச்சு ஒவ்வொண்ணா வெட்டிச் சுத்தம் பண்ணிட்டேன். வாப்பா சோபாவில் உட்கார்ந்துவிட்டார். விரலை இல்லடா, அவனையேதான் வெட்டிப் போட்டிருக்கே என்றார். தங்கராஜு அங்கிளின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், அவருக்கு நான் கத்தரிக்காய் அங்கிள் என்று பேர் வைத்து வாய்வரை வந்துவிட்டது, ஆனால் சொல்ல முடியவில்லை. வெட்டிய துண்டுகள் எங்கே என்று கேட்டதற்கு, குப்பைக்குழாயில போட்டுட்டேன்டா, நேரா கீழ குப்பைத்தொட்டிக்குப் போயிருக்கும் என்றார். திரும்பும் வழியில் பஸ்ஸில் வாப்பா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். மங்களத்துகிட்ட என்னன்னு சொல்வேன் என்று ஒரே ஒரு தடவை, என்னிடம்கூட இல்லை, ஜன்னல் கண்ணாடியிடம் கேட்டார். நான் ஜோக் எதுவும் அடிக்கவில்லை, இதை நீ நம்ப வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மீனைப் புரட்டிக்கொண்டே உம்மாதான் கேட்டார், நீங்க ஒல்லியா ஹாஸ்டல் படியில நிக்கிற போட்டோவை மர்யம் எடுத்துட்டுப் போனாளே, அது உங்க கூட்டாளியோட கத்தரிக்குத் தப்பிச்சிருக்குமே. அதுதான் நீ கேட்ட போன்கால். நீ பிரேமுக்குள் வைத்த வெள்ளை அட்டை அந்த மூலையை மறைத்திருந்ததால் இத்தனை நாளாக விரலைப் பார்த்ததே இல்லை என்று எழுதினாய். நல்லவேளை, நீ அட்டையை வைத்தாய், கத்தரியை வைக்கவில்லை.

கூட்டத்தில் வாப்பா எழுந்து நின்று பயத்தில் அன்னார் என்று ஆரம்பித்தார். டிங். எல்லாரும் சிரித்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது. பிறகு பேசினார் லாத்தா, நம் வாப்பாவா என்று எனக்கே சந்தேகம். இவனுக்கு ஒரு படம்கூட ஒழுங்கா எடுக்கத் தெரியாது, எஞ்சினியரிங் பாடத்தைவிட என் தூக்கத்தைத்தான் அதிகம் படம் பிடிச்சான், பரீட்சைக்கு முந்தின நாள் ஹாஸ்டல் பின்னால மிளகாய்ச் செடி நட்டான், செடி பாஸ், இவன் பெயில் என்றார். அப்புறம் திரையில் நீ அனுப்பிய படம் வந்தது. மங்களம், நீங்க கேட்ட மாதிரி முகம் என்கிட்ட இல்ல, இவ்வளவுதான் மிஞ்சியிருக்கு, மன்னிச்சுக்கங்க என்று வாப்பா அந்த மூலையைக் காட்டினார். முன்வரிசையில் இருந்த மங்களம் ஆண்ட்டி திரையைப் பார்த்து, என்னங்க, விரலை எடுங்க என்றார்.

வேண்டுமென்று சொல்லவில்லை லாத்தா, பழக்கத்தில் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவருக்கே என்ன சொன்னோம் என்று தெரிந்தது. முதலில் அவர்தான் சிரித்தார், அப்புறம் மாடி முழுக்கச் சிரிப்பு, அதே சிரிப்பிலேயே அழுதார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு படத்துக்கும் இதையேதான் சொல்லிட்டிருந்தேன், நான் சீக்கிரம் எடுங்கன்னு அவசரப்படுத்தறதாலதான் விரல் விழுதுன்னு நெனச்சுட்டிருந்தேன், இருபது வயசுலயே இந்த லட்சணம்தானா என்றார். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். விரல் விழுந்த படங்களைப் போனிலிருந்து அவ்வப்போது அழித்துக்கொண்டிருந்த அவர் மகன் ரித்திக்கிடம், இனிமே ஒண்ணையும் அழிக்காதே என்று அங்கேயே உத்தரவு. பின்னாலிருந்து யாரோ, நல்ல மனுஷன்யா என்றார்கள். புகழ்ச்சிதானே, டிங் வரும் என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தோம். சொன்னவரே தங்கராஜு அங்கிள்தான், கையில் கரண்டி சும்மா இருந்தது. பிறகு சாப்பாட்டு மேசையில் அவரும் வாப்பாவும் அது கட்டைவிரலா ஆள்காட்டிவிரலா என்று சண்டை பிடித்தார்கள், இன்னும் முடியவில்லை.

மற்றபடி, நீ விட்டுப்போன கறிவேப்பிலைச் செடி தாழ்வாரத்தில் என் தோள்வரை வளர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டார் கேட்காமலே கிள்ளுகிறார்கள், உம்மா தெரியாத மாதிரி இருக்கிறார். குளிரில் வெறும் சட்டையோடு திரியாதே, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நூடல்ஸைச் சாப்பாடு என்று சொல்லி எங்களை ஏமாற்றாதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே என்று உம்மா சொல்லச் சொன்னார். வாப்பா சொல்லச் சொன்னது இரண்டு. அந்தப் போட்டோவை மறுபடி பிரேமில் போடும்போது வெள்ளை அட்டையை எடுத்துவிட வேண்டும், விரல் தெரியட்டும். அடுத்தது, நீ அனுப்புகிற படங்களில் பாலம் இருக்கிறது, மழை இருக்கிறது, ஆடுகூட இருக்கிறது, நீ இல்லை. யார் கையிலாவது போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லும்மா, கூச்சமாக இருந்தால் உன் விரலாவது மூலையில் விழட்டும், எங்களுக்கு அது போதும். இதை மட்டும் நான் ஓர் எழுத்தும் ஒரு வாக்கியமும் மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும் பரக்கத்தையும், போனதைவிடப் பத்திரமாகத் திரும்பி வரும் வழியையும் தரட்டும். ஆமீன்.

கை சரியில்லாததால், யுனிவர்சிட்டிப் பட்டதாரி ஒருவர் கீழே கைநாட்டு வைத்திருக்கிறார். இடது கட்டைவிரல், மை கொஞ்சம் அதிகமாகித் தாளின் மூலையில் ஒரு மலை மாதிரி பரவிவிட்டது. துடைக்கவா என்று கேட்டேன். அப்படியே இருக்கட்டும் என்றார்.

இப்படிக்கு,
உன் வாப்பா
அப்துல் அலீம்