தோய்க்கக் கிடந்த சட்டை

மூதூர்,
1958 மாசி.

மதிப்புக்குரிய இரத்தினசிங்கம் அண்ணன் அவர்களுக்கு,

ஆண்டவன் அருளால் நானும் வீட்டாரும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அன்னலட்சுமி அக்கா இரண்டு பிடி சோறாவது சாப்பிடுகிறாவா?

ஆற்றுமட்டம் அளக்கும் வேலைக்கு நாணல்தீவுக்கு வந்து, மார்கழி வெள்ளத்தில் அள்ளுண்டு போன உங்கள் மகன் ஞானசேகரத்தைப் பற்றி விசாரித்து, அவனுடைய உடுப்பு ஏதும் கிடந்தால் எடுத்துவரச் சொல்லியிருந்தீர்கள். உடல் கிடைக்காத பிள்ளைக்கு உடுப்பையாவது வைத்துக் கிரியை செய்யலாம் என்றும், அதுவும் இல்லையென்றால் நீங்களும் அக்காவும் வந்து தீவிலேயே தங்கித் தேடப் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். போய்விட்டு வந்தேன். பார்த்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

பாதை மோசம். கிளிவெட்டி வரை மாட்டு வண்டில். அதற்கப்பால் வெள்ளம் ரோட்டைத் தின்றுவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் நடந்தேன். ஆற்றங்கரையில் தங்கத்துரை என்றொரு தோணிக்காரன். நான் தோணியின் நடுவில் ஒடுங்கிக் குந்தியதைப் பார்த்து, "முதலாளி, உங்கட தொந்தியைக் கண்டா முதலையே பயந்து போயிரும்" என்று பகிடி விட்டான். தீவு கிட்டியதும் பகிடி நின்றது. "நான் இறங்கமாட்டன். சுணங்காம வாங்கோ" என்றான்.

முகத்துவாரத்துக்குக் கொஞ்சம் மேலே கிடக்கிற தீவு அது. மேலே ஆற்றில் எது விழுந்தாலும் கடைசியில் அங்கேதான் ஒதுங்கும். கதவு, உரல், செத்த மாடு எல்லாம் நாணலுக்குள் சிக்கிக் கிடந்தன. ஒரு குருவிச் சத்தம் இல்லை. வெள்ளத்துக்கு ஓடித் தப்பிய சனம் திரும்பிவந்து குடிசை போட்டிருந்தது. எல்லா வாசலும் ஆற்றைப் பார்த்தபடி.

கண்டவர்களிடமெல்லாம் ஞானசேகரத்தைப் பற்றிக் கேட்டேன். "மட்டம் பார்க்கிற பொடியனோ? இப்பதான் அங்கால போனார்" என்றார் ஒருவர். "குளிக்கிறார் போல" என்றார் இன்னொருவர். எனக்கு நெஞ்சு துள்ளியது, அண்ணன். உயிரோடு இருக்கிறான் என்று நம்பித் தீவைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். காலில் சேறு ஒட்டியதுதான் மிச்சம்.

பிறகு புஸ்பராணி என்ற அம்மா கூப்பிட்டு விளங்கப்படுத்தினா. ஆறு கொண்டுபோய் உடல் கிடைக்காத ஆட்களை அங்கே செத்தவர்கள் என்று சொல்வதில்லையாம். உடுப்பைத் தினமும் தோய்த்துக் காயப்போடுவார்கள். சாப்பிடும்போது பங்கு வைப்பார்கள். ஞானசேகரத்துக்கு அதையெல்லாம் இப்போது அவதான் செய்கிறா. நாணலுக்குள் சிக்கிய அவனுடைய சட்டை, தோய்க்கிற உடுப்புகளுக்குள் கிடந்தது. நீலக் கோடு போட்டது. வேலை கிடைத்த சந்தோஷத்துக்கு என் கடையிலிருந்து நான் கொடுத்த துணி.

எடுத்தேன். அவ பதறி, "ஐயோ, அதைக் கொண்டுபோனா பொடியன் எதை உடுக்கிற?" என்று என் கையைப் பிடித்தா.

நான் புடவைக்கடைக்காரன். கொடியில் தொங்கிப் பழசான துணியும் உடம்பில் கிடந்து பழசான துணியும் தடவினாலே எனக்குத் தெரியும். அந்தச் சட்டையின் கழுத்துப் பட்டியில் வேர்வை பிசுபிசுத்தது. முதல்நாள் உடுத்துக் கழற்றிய சட்டை. ஆர் உடுக்கிறது என்று கேட்டேன். "அவற்ற சட்டையை வேற ஆர் உடுக்கிற?" என்று என்னை விசரனைப் போலப் பார்த்தா. வேறு யாரோ உடுக்கிறான் என்றுதான் என் புத்தி இப்போதும் சொல்கிறது.

நீங்கள் எந்த ஊர் என்று கேட்டேன். மட்டக்களப்புப் பக்கமாம். "என்ர மனுசனைத் தேடி வந்தனான். அப்பிடியே இருந்திட்டன்" என்றா. பக்கத்துக் குடிசைக்காரரும் மகளைத் தேடி வந்தவர். அந்தத் தீவில் பிறந்த ஒருவரையும் நான் காணவில்லை, அண்ணன். எல்லாரும் தேடி வந்தவர்கள்.

அவ தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "உங்கட ஆர் போனது?" என்று சாதாரணமாகக் கேட்டா. உங்கள் மகனைத்தான் சொல்ல நினைத்தேன். "கலீல்" என்று வாயிலிருந்து வந்துவிட்டது. கடலுக்குப் போய் வராத என் தம்பியை உங்களுக்குத் தெரியும். அவனுக்கு ஜனாஸாத் தொழுகையும் முடித்து, அந்தக் கதையையே விட்டிருந்தேன். அவ இன்னொரு கோப்பை ஊற்றி என் பக்கத்தில் வைத்தா.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. எழும்ப மனமில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. தங்கத்துரை கரையிலிருந்து கத்திய பிறகுதான் எழும்பினேன். மற்றக் கோப்பையும் பாதிக்குக் குறைந்திருந்தது. அவ அதைத் தொடவில்லை. நானும் தொடவில்லை.

சட்டையைப் பறித்துக்கொண்டு வந்திருக்கலாம். கை போகவில்லை. மன்னியுங்கள். வீட்டில் அவனுடைய பழைய பள்ளிக்கூடச் சட்டை இருக்குமே, அதை வைத்துக் கிரியையைச் செய்யுங்கள். நீங்கள் இங்கே வராதீர்கள். வந்தால் அக்காவைத் திருப்பிக் கூட்டிப்போக உங்களால் ஏலாது. பிறகு உங்களைக் கூட்டிப்போக ஒருவரும் வரமாட்டார்கள்.

சாமான் ஏற்றும் லோஞ்சுப் படகு ஒழுங்காக ஓடவில்லை. நீங்கள் வழக்கமாக அனுப்பும் வெங்காயத்தை இப்போது அனுப்ப வேண்டாம். நானும் கடைக்குச் சரியாகப் போவதில்லை. நேற்று அலுமாரியில் கிடந்த கலீலின் சாரத்தை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டேன். மனைவி ஸல்ஹா அதைக் கண்டாள். இராச் சோற்றுக்கு ஒரு பீங்கான் தட்டுக் கூடுதலாக வைத்தாள்.

அண்ணன், கிரியைக்கு நாள் குறித்து உடனே எழுதுங்கள். அன்றைக்கு நான் யாழ்ப்பாணம் வந்து உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். அதுவரை என் கால் ஆற்றுப் பக்கம் திரும்பாமல் இருக்க, உங்கள் கோயிலிலும் எனக்காக ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

என்றும் உங்கள் தம்பி,
முத்தலிப்