முப்பத்தெட்டு விநாடி

சோற்றுக்கு அடியில் எனக்காக முட்டையை மறைத்து எடுத்துவந்த என் கஸ்தூரி அக்காவுக்கு,

நீ இருந்தால் இந்தக் கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்திருப்பாய். "வாய மூடிக்கிட்டு வேலையப் பாருடி" என்றிருப்பாய். நீ இல்லாத தைரியத்தில்தான் எழுதுகிறேன், அதுவும் ஊரே படிக்கிற மாதிரி. நம்ம லைனில் தைத்த பெண்கள் கட்டாயம் படிக்க வேண்டும். அவர்களிடம் நீ வாங்கிக் கட்டிக்கொண்ட ஏச்செல்லாம் எனக்கு வர வேண்டியது.

நம்ம பெங்களூர் பொம்மனஹள்ளி மாறிவிட்டது அக்கா. ஓசூர் ரோட்டுக்கு மேலே இன்னொரு ரோடு கட்டுகிறார்கள். கீழே அந்தத் தூசியில் நம்ம பெண்கள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வேலைக்கு ஓடுகிறார்கள். நம்ம கம்பெனி பக்கத்திலேயே இன்னொரு கட்டிடம் எழுப்பிவிட்டது. நான் இப்போது தைப்பதில்லை. கார்மென்ட்ஸ் கம்பெனிகளுக்குப் போய், ஆளைக் கூட்டாமல் உற்பத்தியை எப்படிக் கூட்டுவது என்று பயிற்சி கொடுக்கிறேன். என்னை மேடம் என்கிறார்கள். சிரிக்காதே.

அந்த மேடம் எங்கே பிறந்தாள் என்று உனக்குத் தெரியும். அன்று வந்த கன்சல்டன்ட் சார், நான் பி.யூ.சி. படித்தவள் என்று கேள்விப்பட்டு மெஷினிலிருந்து எழுப்பி, கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார். ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று நான் எழுத வேண்டும். அதை வைத்துத்தான் மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் போடுவார்கள்.

வாட்ச் வந்தால் லைன் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? நானும் செய்தவள்தானே! நல்ல நூல் அறுந்துபோகும். நூல் நிறைந்த பாபின் தீர்ந்துபோகும். ஒரே காலரை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்ப்போம். வாட்ச் பிடிக்கிறவர் முன்னால் மெதுவாகத் தைக்க வேண்டும் என்று யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. அதனால்தான் மற்ற நாட்களில் நமக்குக் கொஞ்சம் மூச்சுவிட முடிந்தது.

மூன்று நாள் அப்படியே போனது. சார் என் தாளைப் பார்த்து, "இதுதான் ஸ்டடியா? நாளைக்கும் இப்படின்னா நீ மெஷினுக்கே போயிடும்மா" என்றார். மதியம் உன்னிடம் சொல்லி அழுதேன். நீ முட்டையை என் பக்கம் தள்ளி, "இதுக்கா அழுவுற? நாளைக்கு எங்கிட்ட வா" என்றாய்.

மறுநாள் நீ தைத்த மாதிரி யார் தைத்தும் நான் பார்த்ததில்லை. சட்டையில் காலர் வைக்க உனக்கு ஒரு நிமிஷம் ஆகும். நாலு வருஷம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்த எனக்குத் தெரியும். அன்று முப்பத்தெட்டு விநாடியில் முடித்தாய், வரிசையாகப் பத்து காலர். வியர்வை துணியில் விழாமல் நெற்றியைத் தோளில் துடைத்துக்கொண்டாய். பத்தாவது முடிந்ததும் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய், பாவி மனுஷி! பத்தே பத்து காலர்தானே என்று நினைத்திருப்பாய்.

இது நாள் முழுக்கத் தைக்கிற வேகம் இல்லை என்று குறிக்க அந்தத் தாளில் ஒரு கட்டமே இருந்தது. நான் குறித்திருக்கலாம். சார் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து "வெரி குட்" என்றார். கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் எல்லாக் காலர் மெஷினுக்கும் உன் வேகமே டார்கெட் ஆனது. சூப்பர்வைசர் முதுகுக்குப் பின்னால் நின்று "பேக பேக" என்று கன்னடத்தில் விரட்டிக்கொண்டே இருந்தான். எதிர் மெஷின் ரத்னம்மா உன் முகத்துக்கு நேரே, "எங்க வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?" என்று கேட்டாள். நல்ல பேர் வாங்கத் தைத்தாய் என்று எல்லோரும் உன்னோடு பேச்சை நிறுத்தினார்கள். எனக்காகத் தைத்தாய் என்று நீ சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன் அக்கா சொல்லவில்லை? எனக்கு நாலு அறை விழுந்திருக்கும், அதோடு போயிருக்குமே.

டார்கெட்டை எட்ட நீ தண்ணீர் குடிப்பதையே விட்டாய். குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் பீஸ் குறையும். காலையில் கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் அப்படியே வீட்டுக்குத் திரும்பும். அடிவயிற்று வலி, காய்ச்சல், மாத்திரை, மறுபடியும் மெஷின் என்று வருஷக்கணக்கில் ஓட்டினாய். கடைசியில் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டபோது நீ என்னைப் பார்த்தாய். "டீ குடிப்பேன் மேடம்" என்றாய். இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று என்னைத்தான் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

உன் மகள் அமுதாவுக்குப் பத்தொன்பது வயது. நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேட்காமல் போன மாதம் அதே கம்பெனியில் சேர்ந்துவிட்டாள், அதே காலர் வேலைக்கு. அவள் தைக்கிற அந்தப் புதுக் கட்டிடத்துக்கு டார்கெட் போடும் வேலை இப்போது எங்களிடம் வந்திருக்கிறது. பழைய ஃபைலைத் திறந்தால், காலர், முப்பத்தெட்டு விநாடி, என் கையெழுத்து. ஆள் மாறி மெஷின் மாறியும் அதை மட்டும் யாரும் தொடவில்லை. பக்கத்துக் கட்டம் இன்னும் காலியாகவே இருக்கிறது. எங்கள் மேலதிகாரி, "முப்பத்தஞ்சுக்குக் கொண்டுவந்துடுங்க ஜெயந்தி" என்கிறார்.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்த அமுதாவிடம், திங்கட்கிழமை நான்தான் வரப்போகிறேன் என்றேன். "நீங்களா சித்தி வாட்ச் புடிக்கிறீங்க? அப்ப பாருங்க, எங்கம்மா மாதிரியே தச்சுக் காட்டறேன்!" என்றாள்.

"வேணாம்டி, மெதுவா தை" என்றேன்.

"போங்க சித்தி, உங்க பேர் கெட்டுடும்."

அவள் பையை எடுத்து ஓரமாக வைத்தேன். உள்ளே தண்ணீர் பாட்டில் கனத்தது.

திங்கட்கிழமை முதலில் ரத்னம்மாவிடம் போவேன். அவள் இன்னும் அங்கேதான் தைக்கிறாள். நடந்ததைச் சொல்வேன், அடித்தால் வாங்கிக்கொள்வேன். பிறகு அமுதாவிடம் போவேன். பத்து காலரோடு நிறுத்த மாட்டேன், நாள் முழுக்கப் பக்கத்தில் நிற்பேன். பாட்டிலைத் திறந்து நானே அவள் கையில் கொடுப்பேன். அவள் குடித்து, எழுந்து பாத்ரூம் போய், திரும்பி வந்து உட்காரும்வரை வாட்ச் ஓடும். அந்த நேரத்தையும் சேர்த்து எழுதுவேன். பழைய முப்பத்தெட்டுக்குப் பக்கத்துக் கட்டத்தையும் இந்த முறை காலியாக விட மாட்டேன். என் வேலை போனால் போகட்டும் அக்கா, இது உன்மேல் சத்தியம்.

நீ கடைசிவரை காட்டிக்கொடுக்காத தங்கச்சி,
ஜெயந்தி