ஒற்றைக் கம்பி

குண்டனி நாடு,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

மாமாவுக்கு உங்கள் பெண்சாதி பாவாயி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடு கன்றும் சுகம். ஜெயிலில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் கவலை. இது தபாலில் வரவில்லை. நம் பக்கத்து வீட்டு மாதனின் மச்சான் அங்கே வார்டர், அவர் கையில் வருகிறது. அதனால் மறைக்காமல் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடுங்கள்.

சாமை இந்த வருஷம் மோசமில்லை. மிளகுதான் கொடியிலேயே காய்கிறது. திருட்டு வயர்லெஸ் வைத்து வெள்ளைக்காரச் சர்க்காருக்கு எதிராகப் பேசியவர் வீடு என்று பறிக்க ஆள் வரப் பயப்படுகிறார்கள். உங்களிடம் வந்துகொண்டிருந்த மலை மிளகு முழுவதும் இப்போது காரவள்ளி மிளகு வியாபாரி குழந்தைசாமியிடம் போகிறது.

கூட இருந்தே குழி பறித்தவர் அவர்தான். போலீசுக்கு மொட்டைக் கடிதம் போட்டது தான்தான் என்று போதையில் மாதனிடம் உளறிவிட்டார்.

இடம் மாற்றி மாற்றி வயர்லெஸில் பேசுகிறவனுக்கு ஒற்றைக் கம்பி ஏரியல் போதும், கல்லைக் கட்டி மரத்தில் எறிந்தால் ஏறும், இழுத்தால் இறங்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். அவர் கேட்டாரா? "அது எட்டாதுங்க, ரெண்டு மரத்துக்கும் சமமா நீட்டிக் கட்டி நடுவுல இருந்து வயர எறக்குனாத்தானுங்க மதராஸ் வரைக்கும் கேக்கும்" என்று பிடிவாதம் பிடித்தார். கேட்கத்தான் செய்தது. ஆனால் போலீஸ் வந்தபோது நீங்கள் இரண்டாவது மரத்தின் மேல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தீர்கள். சுருட்ட நேரமாகிற கம்பியாகப் பார்த்துத்தான் அவர் உங்களைக் கட்ட வைத்திருக்கிறார்.

மாதன் இதைச் சொன்ன பிறகு எனக்குச் சும்மா விட மனம் வரவில்லை.

ராகிக் குதிருக்குள் நீங்கள் போட்டு வைத்த கம்பிச் சுருள் சோதனையில் அகப்படவில்லை. அதை எடுத்துக்கொண்டு, ஆட்களெல்லாம் சந்தைக்குப் போன பகலில், மலைமேல் அவருடைய மிளகுத் தோட்டத்துக்குப் போனேன். கருப்பனார் கல் இருக்கிற பலா மரம் உங்களுக்குத் தெரியும். எந்த ஏரியல் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்பிள்ளை மரமேறாமல் கட்டக்கூடியது நீங்கள் சொன்ன ஒற்றைக் கம்பிதான். மரத்துக்குள் மின்சாரம் இறங்காமல் இருக்க வைப்பீர்களே, அந்தப் பீங்கான் கொட்டையையும் நுனியில் மாட்டி எறிந்தேன். கீழ்முனையை தோட்டத்தில் அவர் தங்கும் சாளைக் கூரைக்குள் சொருகினேன். நடுவில் மஞ்சள் துணியில் காசு முடிந்து தொங்கவிட்டேன்.

சாமி மரத்தில் மஞ்சள் துணி தொங்கினால் இந்த மலையில் யார் தொடுவார்கள்? யாரோ நேர்ந்து கட்டியது என்று அவரே சூடம் கொளுத்திக் கும்பிட்டாராம். பிறகு நானும் ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன்.

"வேண்டுதல் கம்பிங்க சாமி" என்று பிடிக்க வந்த போலீசிடம் அழுதிருக்கிறார். பீங்கான் கொட்டை மாட்டி எந்தச் சாமிக்கு வேண்டுதல் என்று இன்ஸ்பெக்டர் கன்னத்தில் ஒன்று விட்டாராம். அதைக் கேட்ட அன்றுதான் நீங்கள் போன பிறகு நான் வயிறாரச் சாப்பிட்டேன். உங்களைக் காட்டிக் கொடுத்தது தான்தான் என்று அவர் வாய் திறக்கவும் முடியாது. உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த அறை விழும்.

ஆனால் நான் யோசிக்காத ஒன்று இருக்கிறது. அந்தக் கம்பியும் உங்களிடம் பிடித்த கம்பியும் ஒரே சுருள் என்று இன்ஸ்பெக்டர் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார். குழந்தைசாமி உங்கள் கூட்டாளி என்றால் அவருக்கு ஜெயில். இல்லையென்றால் அந்தக் கம்பி நம் வீட்டிலிருந்துதான் போயிருக்க வேண்டும் என்று என்னைப் பிடிப்பார்கள். கேட்பதற்கு அடுத்த வாரம் உங்களிடம் வருகிறார்கள்.

அடி வாங்கியும் ஒரு பெயர்கூடச் சொல்லாதவர் நீங்கள். அதில் எனக்குப் பெருமைதான். பொய் சொல்லச் சொல்லவில்லை மாமா, அவர் உங்களோடு உட்கார்ந்து வயர்லெஸில் பேசியவர்தானே. ஒரே ஒரு பெயர். உங்களுக்கு அதைச் சொல்ல வாய் வராவிட்டால் சும்மா இருங்கள், நான் வருத்தப்பட மாட்டேன். மாடு கன்றை மாதன் வீட்டில் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

கருப்பனார் உங்களுக்கு நல்ல வாக்கைத் தரட்டும்.

உங்கள் பாதம் தொட்டு,
பாவாயி