சங்கத்து அறை ஒழுகிய கதை

பினாங்கு
11.9.1983

அன்புள்ள மகன் நாகநாதனுக்கு,

அப்பாவும் நானும் சுகம். நீயும் சுகமென்று அப்பா தண்ணீர்மலை முருகனை நம்புகிறார், நான் உன் கடிதத்தை நம்புகிறேன். மெல்போர்னில் குளிர் குறைந்ததா? கொழும்புக் கலவரத்தில் பக்கத்து வீட்டுச் சிங்களவனே எப்படித் தீ வைப்பான், அவர்கள் பிறவியே அப்படியா என்று கேட்டிருந்தாய். நம்மவர்களின் பிறவியைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன், படித்துக்கொள்.

போன மாதம் நம் இலங்கைத் தமிழர் சங்கத்தில் கண்டனக் கூட்டம். செயலாளர் கந்தப்பு மாமா, தமிழரெல்லாம் ஒரே இரத்தம் என்று ஒரு மணி நேரம் முழங்கினார். தப்பி வருகிறவர்களுக்கு மண்டபத்தின் பின்னால் ஓர் அறையும் ஒதுக்கினார்கள். முதலில் வந்தவள் வள்ளிநாயகி, கொழும்பு ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள், ஜூலையில் புருஷனையும் வீட்டையும் ஒரே பகலில் இழந்தவள். கொளுத்த வந்தவர்கள் வாக்காளர் பட்டியலைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாக வந்தார்களாம். முதலில் ஆளைப் பிரித்துவிட்டால் கொளுத்துவது சுலபம்தானே. அவளுக்குத் தேநீர் கொடுத்த கையோடு மாமா, "ஊரிலை எந்தப் பக்கம் பிள்ளை, ஆற்றை மகள்?" என்று ஊரையும் தகப்பனையும் விசாரித்தார். அவள் சொன்னாள். சாதி தெரிந்த மாத்திரத்தில் அறை ஒழுக ஆரம்பித்துவிட்டது, கூரையைத் திருத்த வேண்டுமாம். இரண்டு நாளில் அதே அறைக்கு வேறொரு குடும்பம் வந்தது, ஒழுக்கு நின்றுவிட்டது. நல்ல குலத்தைக் கண்டால் மழைக்குக்கூட மரியாதை வந்துவிடுகிறது.

நான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்து உன் அறையைக் கொடுத்துவிட்டேன். மறுநாளே நல்லம்மா மாமி வந்து, "அவளுக்கு வேறை கோப்பை வைச்சிருக்கிறியளோ, மச்சாள்?" என்று காதோடு கேட்டாள். உங்களுக்குத்தான் வேறை வாங்க வேண்டும் என்றேன். பிறகு மாமி இந்தப் பக்கம் வரவில்லை. தன் தங்கை கோபித்துக்கொண்டது அப்பாவுக்கு வருத்தம், எனக்கு மாலை நேரம் மிச்சம்.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு உனக்குப் புத்தி சொல்வது அழகில்லை. மாமாவிடம் அவள் சொன்னது அன்று என் காதில் சரியாக விழவில்லை. காரில் வரும்போது, சும்மா பேச்சுக்கு என்பது போல, தகப்பன் பெயர் என்ன, எந்தத் தெரு என்று நானும் கேட்டேன். அவள் வெளியே பார்த்தபடி, "அண்டைக்கு எங்கடை வாசலிலை நிண்டவையும் பேரைத்தான் முதல் கேட்டவை, அக்கா" என்றாள்.

டிசம்பரில் வரும்போது நீ முன் ஹாலில்தான் படுக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. நீ நன்றாக இருக்க வேண்டும், நல்லவனாகவும் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, வள்ளிநாயகியிடம் எதையும் கேட்காதே. அவளாகச் சொன்னால் பக்கத்தில் உட்கார்ந்து கேள்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
கனகேஸ்வரி