லிஃப்ட் குலுங்கியதால் அல்ல

மார்ச் 9, மாலை 4.20. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள் ஒரே ஆள்: பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி.

அன்புள்ள அம்மாவுக்கு, நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மேலே இருப்பது இன்றைய என் வேலைக் குறிப்பு; அதே தாளில்தான் உனக்கு எழுதுகிறேன்.

நான் லிஃப்டைச் சரிசெய்து கதவைத் திறந்த பிறகும் அந்தச் சிறுமி எழுந்திருக்கவில்லை. "அண்ணா, லிஃப்ட் குலுங்கினதுல எனக்கு உள்ள ஏதோ கிழிஞ்சிருச்சு. ரத்தம் வருது. செத்துடுவேனா?" என்று அழுதாள்.

"ரிப்பேர் லிஃப்டுக்குத்தான், உனக்கில்ல. இது எல்லாப் பொண்ணுங்களுக்கும் வர்றதும்மா" என்று என் வேலைக் கோட்டைக் கொடுத்தேன். அதை இடுப்பில் கட்டிக்கொண்டு, "அப்ப எங்கம்மா ஏன் சொல்லல?" என்றாள். கீழ்த்தளத்து டெய்லரக்கா வந்து அவளை வீட்டில் விட்டார்.

நம் தங்கச்சிக்குப் பதினொன்று முடிந்துவிட்டது. "வயசுக்கு வந்ததும் தானா தெரிஞ்சுக்குவா, நீ சும்மா இரு" என்று போன தடவை என் வாயை அடைத்தாய். தெரியாது அம்மா, பயம்தான் வரும். அப்போது ஓடிவர நான் பக்கத்தில் இல்லை. முன்னதாகவே சொல்லிவிடு.

அவள் உயரத்தையும் அளந்து எழுது. என் கண்ணில் அவள் இன்னும் குட்டையாகவே நிற்கிறாள். அடுத்த வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். இனி நான் செய்யப்போவது:

1. ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன்.
2. சொல்லிவிட்டாயா என்று கேட்பேன்.
3. இல்லையென்றால் போனை அவளிடம் கொடுக்கச் சொல்வேன். எனக்குக் கூச்சம்தான், இருந்தாலும் நானே சொல்வேன்.