வரைபடத்தில் அடித்த பச்சை

அரவேணு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இன்று காலை 5ஜி விளம்பரப் பலகையை ஏற்றினார்கள். அதில் தேயிலைச் சரிவில் ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரிக்கிறாள். வெயில் படாத முகம், இலை இல்லாத கூடை. நீ இருந்திருந்தால் காறித் துப்பியிருப்பாய்.

3ஜி வந்தபோது நாம் இருவரும்தான் சோதனை போன்களோடு எஸ்டேட் எஸ்டேட்டாக நடந்து, சிக்னல் எங்கே கிடைக்கிறதென்று வரைபடத்தில் குறித்தோம்: கிடைத்தால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. கம்பெனி கொடுத்த ஷூ முதல் மழையிலேயே வாயைப் பிளந்தது. மேட்டுக்குக் கீழே இருந்த தொழிலாளர் லயன் வீடுகளில் ஒரு கோடுகூட வரவில்லை. இலங்கையிலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்த ஓர் அம்மா சொன்னார்: "இங்க கோல் எடுக்க ஏலாது தம்பி. யாருக்கும் சுகமில்லன்னா மேட்டுக்கு ஓடித்தான் ஆம்புலன்ஸ கூப்பிடணும்."

அறிக்கையில் 'இல்லை' என்று எழுதினாய். மேலாளர் சிரித்தார். "ஏனுங்க, ரோட்டுல கெடைக்குதுங்கல்ல? லயனுக்கும் சேத்துப் பச்சை அடிச்சுருங்க." வரைபடம் முழுக்கப் பச்சையானால்தான் அவருக்குப் பதவி உயர்வு. நீ கையெழுத்துப் போட மறுத்தாய். நான் போட்டேன். மறுமாதம் உன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு என்னை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். நீ என்னைத் திட்டக்கூட இல்லை.

பிறகு 4ஜி. அதே லயன், அதே பச்சை. 'மலையெங்கும் அதிவேகம்' என்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். கத்தியை எடுத்துக் கொடுத்தவன் நான். கோத்தகிரி டீக்கடையில் நீ கேட்டாய்: "வேகத்த மட்டும் கூட்டறானுக. டவரெல்லாம் ரோட்டப் பாத்துத்தான நிக்குது மாப்ள? மேட்டத் தாண்டி எப்படி எறங்கும்?" உன் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன்.

மஞ்சள் காமாலையில் நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. போன வாரம் 5ஜி சோதனைக்காக அந்த லயனுக்கு நானே இறங்கினேன். போனில் 'சேவை இல்லை'. அந்த அம்மாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது. "இன்னும் இதே வேலதானா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். வயதில் சின்னவரான புது மேலாளர் கூப்பிட்டுக் கேட்டார்.

"சார், அந்த லயன் மட்டும் செவப்பா இருக்குதுங்க."

"செவப்புத்தானுங்க. வேணும்னா நீங்களே பச்சை அடிச்சுக்கங்க. என் கையெழுத்து அதுல இருக்காது."

இதைத் துணிச்சல் என்று நினைத்துவிடாதே. நீ மறுத்தபோது உன் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு ஓய்வுக்கு எட்டு மாதம்தான் பாக்கி. இந்த வித்தியாசம் ஆபீசில் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்.