மஞ்சள் பட்ட சர்டிபிகேட்

14-6-1965, திங்கள்

பேத்தி வசந்தா எங்கள் வம்சத்தில் முதல் டாக்டர். இப்போது பெத்தாலஜியில் எம்.டி. சேர மனுப் போடுகிறாள். ஹவுஸ் சர்ஜனாக ஒரு வருஷம் வேலை பார்த்த சர்டிபிகேட் இல்லாமல் மனு செல்லாதாம். நல்லபடியாகக் கிடைக்கட்டுமென்று அதன் நாலு மூலையிலும் மஞ்சள் குழைத்து வைத்தேன். ஈரம் ஓடிப் பெரிய டாக்டரின் கையெழுத்தே கலைந்துவிட்டது.

"என்னா ஆயா, இது கல்யாணப் பத்திரிகையா?" என்றாள். அழவில்லை. "புதன்கிழமதான் கடைசி நாளு. அவுரு சிதம்பரத்துக்கு மாத்தலாயிட்டாரு. அத்த வூட்டுல படுத்து, காலையில போய்ப் பாக்குறேன்." கடலூரில் சாயங்கால பஸ் ஏறிவிட்டாள்.

"விடும்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்கிறான் மகன். அடுத்த வருஷம் அவன் படிக்க விடமாட்டான். அவளுக்கும் அது தெரியும்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் நானும் போகிறேன். மஞ்சள் வைத்தவள் நான்தான் என்று அந்த டாக்டரிடம் நானே சொல்கிறேன்.